மரமும் அலையும்

'தமிழ்ச் சிறுகதையின் பரிணாமம்', 'புதுக்கவிதையின் பரிணாம வளர்ச்சி' என்றெல்லாம் நமது விமர்சகர்கள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். பரிணாமம் என்பது இன்று உயிரியலின் கலைச்சொல். அது இலக்கியத்துள் நுழையும்போது, பின்னால் வந்தது முன்னையதிலும் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. டார்வினின் கொள்கையிலோ அத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை. சூழலுக்கு இசைந்தது நிலைக்கும் என்பதே அதன் சாரம்.

அப்படியானால், ஒரு துறையின் கருத்தை இன்னொரு துறை இரவல் வாங்கக் கூடாதா? வாங்கலாம். டார்வினே வாங்கியவர்தான். 1838இல் அவர் மல்தஸ் என்ற பொருளியலாளரின் சனத்தொகை பற்றிய நூலைப் படித்தார். உணவுக்கு மிஞ்சிப் பெருகும் உயிர்கள் வாழ்வுக்காகப் போராட நேரும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில், உயிர்களை வகைப்படுத்தும் முறையை விளக்க அவர் மொழிகளின் வம்சாவளியை உதாரணம் காட்டினார்.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1853இல், ஓகஸ்ற் ஷ்லைகர் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் மொழிகளின் உறவை ஒரு மரமாக வரைந்து காட்டியிருந்தார். டார்வினைப் படித்தபின் அவர் 1863இல் ஒரு சிறு நூல் எழுதினார். மொழிகளும் இயற்கை உயிரிகளே. மனித விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தோன்றி, வளர்ந்து, மூத்து, மடிகின்றன என்பது அவர் வாதம். உவமையாக வந்த மரம் இங்கே உண்மையாகிவிட்டது.

உவமை எங்கே பொருந்தவில்லை? மரத்தில் பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்று சேர்வதில்லை. மொழிகளோ பிரிந்த பின்னும் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றன. இதைக் கண்டவர் ஷ்லைகரின் மாணவரான யொஹான்னஸ் ஷ்மிற். குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து வட்டங்கள் விரிவதுபோல மொழி மாற்றங்கள் பரவுகின்றன என்று 1872இல் அவர் எழுதினார். மரம் விட்ட குறையை அலை நிரப்பியது.

நேயர்களே, இது பண்டிதர் சண்டை மட்டுமல்ல. 1856இல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிக் குடும்பத்தை விரிவாக எடுத்துரைத்தார். குடும்பம் என்பதும் உவமையே. ஆனால் அந்தச் சொல்லோடு இரத்த உறவு என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. ஆரியர் என்று தாம் சொல்வது மொழியைக் குறித்தே, இரத்தத்தைக் குறித்தல்ல என்று மக்ஸ் முல்லர் 1888இல் வற்புறுத்தினார். கேட்டவர் சிலரே. மொழிகளுக்கு இட்ட பெயர்கள் மனிதர்களின் இனப் பெயர்களாயின. அந்தத் தவறுக்கு ஐரோப்பா கொடுத்த விலையை உலகம் அறியும். நமது தீவிலும் 'ஆரியச் சிங்களவர்', 'திராவிடத் தமிழர்' என்ற பேச்சு எத்தனை மேடைகளில் ஒலித்தது!

மரத்தை மட்டும் பார்த்தால் சிங்களமும் தமிழும் வெவ்வேறு வேர்களில் நிற்பவை. அலையைப் பார்த்தால் காட்சி மாறும். 'அக்கா' இரு மொழிக்கும் பொது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசையும் அலுமாரியும் இரு வீடுகளிலும் உள்ளன. வடஇந்திய மொழிகளில் கேட்கும் மூச்சொலி கலந்த மெய்கள் பேச்சுச் சிங்களத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. இத்தகைய ஒற்றுமைகளில் அயல் தொடர்புக்குப் பங்குண்டு என மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். பிறப்பால் உறவில்லாதவை அயலால் உறவாகியிருக்கின்றன.

ஆகவே, விஞ்ஞானத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்தாளும் எழுத்தாளர் இரண்டு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கருத்துக்கு அதன் சொந்த வீட்டில் என்ன பொருள்? நமது வீட்டில் அது எந்த இடத்தில் பொருந்தாமற் போகிறது? முதற் கேள்வியைக் கேட்காதவர் சொல்லை மட்டும் கடன் வாங்குகிறார். இரண்டாவதைக் கேட்காதவர் உவமையையே உண்மையென்று நம்பிவிடுகிறார். சிறுகதையின் 'பரிணாமம்' பற்றி அடுத்த முறை எழுதும் விமர்சகர், தாம் சொல்ல வருவது மாற்றத்தையா, உயர்வையா என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.