பழைய ரிவால்வருக்கு எது நியாய விலை?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் 'பழைய பொருளும் நியாய விலையும்' எனும் தலைப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் நகையையும் பழைய நாணயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். அது ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பது கடுமையான குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் உண்டு. ஆகவே, யாரையும் வாங்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. அமெரிக்காவில் இது சட்டப்படி விற்கப்படும் சேகரிப்புப் பொருள். பழைய பொருளுக்கு விலை மதிப்பிடும் கலை அங்கே இந்தப் பொருளை வைத்து நன்றாக வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கேட்ட விலையும் விற்ற விலையும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விற்பவர் கேட்கும் விலையில் அவருடைய ஆசை, நினைவு, பணமுடை எல்லாம் கலந்திருக்கும். அதே மாதிரித் துப்பாக்கி 5,000 டாலர் என்று பத்து இடங்களில் விளம்பரமாகியிருக்கலாம். பத்தும் விற்காமல் ஓராண்டாகக் கிடந்தால் அந்த 5,000 ஒரு விலையே இல்லை. அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் முடிந்துபோன ஏலங்களைத்தான் பார்ப்பார்கள். அண்மையில், அதே மாதிரி, அதே நிலையில், யாரோ ஒருவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்கிய தொகைதான் அவர்களுக்குக் கணக்கு. அச்சில் வரும் விலைக் கையேடுகளும் உண்டு. அவை வழிகாட்டும், ஆனால், சந்தை அவற்றைவிட வேகமாக நகரும்.

பெயர் ஒன்று, வகை பல

அடுத்த கேள்வி, கையில் இருப்பது சரியாக எது என்பது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1957ஆம் ஆண்டு முதல் தன் ரிவால்வர்களுக்கு மாதிரி எண் கொடுத்தது. சுழல் உருளையை வெளியே திறந்தால் உள்ளே சட்டத்தில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். 29 என்றும் இருக்கலாம், 29-2 என்றும் இருக்கலாம். அந்தச் சிறிய கோடும் எண்ணும் தயாரிப்பில் செய்த ஒரு மாற்றத்தைக் குறிக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல் இருப்பவற்றின் விலை இதனால் வெகுவாக மாறும்.

இதே 29ஆம் மாதிரியை, கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் 1971ஆம் ஆண்டில் உலகறியச் செய்தது. அதன்பின் கடைகளில் இருப்பு இல்லாமல் பட்டியல் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து மக்கள் வாங்கினார்கள். இரும்பில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது மக்கள் மனம்தான். மனம் ஏற்றிய விலையை மனமே இறக்கவும் கூடும் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது.

இன்னோர் எடுத்துக்காட்டு, கோல்ட் நிறுவனத்தின் பைத்தான். 1955ஆம் ஆண்டில் வந்தபோது அதன் விலை 125 டாலர். பழைய பைத்தான் ஒன்று இன்று சில ஆயிரம் டாலருக்குப் போகிறது. "ஆகா, எத்தனை மடங்கு!" என்று தோன்றும். ஆனால், 1955ஆம் ஆண்டின் 125 டாலர் இன்றைய பணத்தில் 1,400 டாலருக்கும் மேல். ஏறியதாகத் தெரிவதில் கணிசமான பகுதி, பணம் தன் மதிப்பை இழந்த கதை. 2020ஆம் ஆண்டில் கோல்ட் நிறுவனம் புதிய பைத்தானை 1,499 டாலர் பட்டியல் விலையில் மீண்டும் கொண்டுவந்தது. சுட்டுப் பழக விரும்புகிறவருக்கு அது போதும். பழைய தொழிலாளியின் கை மெருகு வேண்டும் என்கிறவர் மட்டுமே பழையதற்குக் கூடுதலாகக் கொடுப்பார். எதற்காக வாங்குகிறோம் என்பதே விலையில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

மெருகும் பழுதும்

எஃகின் மேல் ஆலையில் ஏற்றிய நீல மெருகு இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் விழுக்காட்டில் சொல்வார்கள். 98 விழுக்காட்டுக்கும் 90 விழுக்காட்டுக்கும் இடையே பெரிய விலை வேறுபாடு உண்டு. உறையில் போட்டு எடுத்ததால் குழல் முனையில் தேய்ந்திருப்பது இயல்பு. அது நேர்மையான தேய்மானம்.

பயப்பட வேண்டியது புதிதாகப் பூசிய மெருகைத்தான். மெருகேற்றும் முன் தேய்த்திருப்பார்கள். அதனால் கூர்மையான விளிம்புகள் மழுங்கியிருக்கும், பொறித்த எழுத்துகள் மங்கியிருக்கும், திருகாணித் துளையின் ஓரம் கிண்ணம் போல் குழிந்திருக்கும். பளபளவென்று இருக்கும், ஆனால், சேகரிப்பு மதிப்பில் பெரும்பங்கு போய்விட்டது. பெரியவர் விட்டுப்போன துப்பாக்கியை விற்பதற்குமுன் அழகாக்கலாம் என்று பிள்ளைகள் எஃகுப் பஞ்சால் தேய்ப்பதும் இப்படித்தான். ஒரு மணி நேர உழைப்பில் நூற்றுக்கணக்கான டாலரைத் தேய்த்துக் கழித்துவிடுகிறார்கள்.

உள்ளேயும் பார்க்க வேண்டும். முதல் வேலை, குண்டு இல்லை என்பதைக் கண்ணால் உறுதி செய்வது. பிறகு, உரிமையாளரின் அனுமதியோடு சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்தால், அது முழுமையாக நிற்பதற்குள் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறையிலும் இதைச் சோதிக்க வேண்டும். உருளை முன்னும் பின்னும் ஆடினாலோ குழலின் உட்புறத்தில் துருக்குழிகள் இருந்தாலோ பழுதுபார்க்கும் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

காகிதத்தின் விலை

வரிசை எண் ஒட்டிய அசல் பெட்டி, கையேடு, கருவிகள், அசல் மரக் கைப்பிடி ஆகிய எல்லாவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. பழைய ஆலைப் பதிவேடுகளைப் பார்த்து, இந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த நாளில், எந்த வடிவில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கடிதம் சில வேளைகளில் விலையையே புரட்டிவிடும்.

இதற்கு உச்சமான சான்று 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்தது. 1881ஆம் ஆண்டில் 'பில்லி தி கிட்' எனும் கொள்ளைக்காரனை ஷெரீப் பேட் கேரட் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதே மாதிரியில் பிறந்த மற்றத் துப்பாக்கிகள் சில ஆயிரங்களுக்குத்தான் போகின்றன. கைமாறி வந்த வரலாறு ஆவணத்தோடு இருந்ததால் அந்த விலை. "இது பெரிய வீரர் வைத்திருந்தது" என்று வாய்மொழியாக மட்டும் சொன்னால், துப்பாக்கியை வாங்குங்கள், கதையை வாங்காதீர்கள் என்பார்கள் அனுபவசாலிகள்.

தெரிந்தவரும் தெரியாதவரும்

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருகிறேன். கணக்குக்காக, சந்தையில் 1,000 டாலர் பெறும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் 650 கொடுக்கிறார். இது ஏமாற்றா? இல்லை. அவருக்கு வாடகை உண்டு, உரிமச் செலவு உண்டு, விற்கும்வரை முடங்கும் முதல் உண்டு. ஏல நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் படித்துத் தேர்ந்த அறிவுக்கும் ஒரு கூலி உண்டு. இலாபம் பாவமன்று.

ஆனால், சேகரிப்பாளர் ஒருவர் காலமாகிவிடுகிறார். அவருடைய மனைவிக்கு எது என்னவென்று தெரியாது. வாங்க வந்தவர் உருளையைத் திறந்து எண்ணைப் பார்க்கிறார். 3,000 டாலர் பெறும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அம்மையார், "300 கொடுத்தால் போதும் ஐயா" என்கிறார். இவரும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இருவரும் சம்மதித்தார்கள் என்பதால் மட்டும் அது நியாய விலை ஆகிவிடுமா? என் கருத்தில் ஆகாது. தமக்குத் தெரிந்தது எதிரே நிற்பவருக்கும் தெரிந்திருந்தால் அவர் இதே விலைக்குச் சம்மதித்திருப்பாரா என்று வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மதித்திருப்பார் என்றால் அது வாணிபம். மாட்டார் என்றால் அது பறித்தல்.

இதற்கு மருந்தும் எளியதே. சேகரிப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். எது, என்ன எண், எப்போது வாங்கியது, என்ன பெறும், நம்பி யாரிடம் கேட்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். வாரிசுகள் எதையும் தேய்க்காமல், அவசரப்படாமல், வாங்க விருப்பம் இல்லாத ஒருவரிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். மதிப்பிடுபவரே வாங்குபவராக இருக்கக் கூடாது.

நம் வீட்டில் துப்பாக்கி இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால், தாத்தாவின் கைக்கடிகாரம் இருக்கலாம், பாட்டியின் பித்தளைப் பாத்திரமோ பழைய தபால்தலையோ இருக்கலாம். எது இது, அசலா, நல்ல நிலையில் உள்ளதா, சான்று உண்டா, அண்மையில் என்ன விலைக்கு விற்றது? இந்த ஐந்து கேள்விகளும் அவற்றுக்கும் பொருந்தும். அவற்றைக் கேட்ட பிறகு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.