வானொலி லைசென்ஸ்



வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள ஒரு காலத்தில் அரசாங்கத்திடம் லைசென்ஸ் பெறவேண்டியிருந்தது என்றால் உங்களிற் பலர் வியப்படைவீர்கள். 1985-ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை அதுவே இந்நாட்டின் சட்டம்.

அவிநாசிக்கு அருகிலுள்ள சிற்றூர் எங்களுடையது. 1961-ல் என் தகப்பனார் ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். கூரை முகட்டிலிருந்து தென்னை மரம்வரை ஏரியல் கம்பி இழுத்துக் கட்டினோம். லைசென்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 15 ரூபாய். அவிநாசித் தபாலாபீசில் பணத்தைச் செலுத்தினால், அதற்கென்றே அச்சிட்ட வில்லையைச் சிறு புத்தகமொன்றில் ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். தவணை தவறினால் அபராதமும் உண்டு.

கோவையில் அப்போது வானொலி நிலையம் இல்லை; திருச்சி நிலையத்தைத்தான் கேட்போம். அந்தி சாய்ந்தால் எங்கள் திண்ணை நிறைந்துவிடும். செய்தி கேட்க வருவோர் சிலர். நாதசுரத்திற்காகவே வருவோர் பலர்.

ஓராண்டு மழை பொய்த்தது. பருத்தி கையைக் கடித்தது. தவணை நாள் கடந்தும் 15 ரூபாய் சேரவில்லை. தகப்பனார் பெட்டியின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி மூடிவிட்டார். மூடிவைத்தாலும் குற்றம் குற்றமே. லைசென்ஸின்றிப் பெட்டியை வைத்திருத்தலே தவறு என்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். அவருக்கு அது தெரியும். அக்கவலையில் அவர் சரியாக உண்ணவுமில்லை.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறைக் காசுகளைத் திண்ணையில் வைத்தார்.

"லைசென்ஸ் பெட்டிக்குத்தானுங்க ஆத்தா, காதுக்கு இல்லீங்க" என்றார் தகப்பனார்.

"பெட்டி ஒண்ணுதான் கண்ணு. கேக்கற காது நாப்பது இருக்குதே!"

தகப்பனார் வெகுநேரம் வாளாவிருந்தார். பிறகு காசை எண்ணி எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் தந்தார்கள். மறுநாள் அபராதத்தோடு பணம் கட்டப்பட்டது.

சட்டப்படி தகப்பனார் சொன்னதே சரி. ஆயினும் ஆத்தாவின் கணக்கை நான் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய தனியார் கம்பெனி பெரிதும் 10 ரூபாய் லைசென்ஸ் பணத்தையே நம்பியிருந்தது. பணம் கட்டியோர் சில ஆயிரவரே. கட்டாமற் கேட்டோரும் இருந்தனர். 1930-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒலிபரப்பை அரசாங்கம் ஏற்றது. பெட்டியை மட்டும் எண்ணி வரி தண்டுவதிலுள்ள பலவீனம் அதிலேயே தெரிகின்றது.

ஜெர்மனியில் 2013 முதல், வீட்டில் பெட்டி உண்டா இல்லையா என்று பாராமல், வீடொன்றுக்கு இவ்வளவு என்று ஒலிபரப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் நாட்டிலோ தனிக் கட்டணமே மறைந்தது. பொதுப் பணத்திலிருந்து ஒலிபரப்புக்குச் செலவிடுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஆத்தாவின் வழிதான். ஒரு வேற்றுமை: அவர் தாம் கொடுப்பதை அறிந்து கொடுத்தார். அதனாலேயே, மறுவாரம் நாதசுரத்தை இடையில் நிறுத்திவிட்டார்கள் என்று கோபங்கொண்டு, என்னைக்கொண்டு திருச்சிக்கு ஒரு கார்டு எழுதச் செய்தார். "நானும் காசு கொடுத்தவ" என்பதை முதல் வரியாகவே எழுதச் சொன்னார்.

அந்த லைசென்ஸ் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வில்லை ஒட்டவேண்டிய கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.