காலி நாற்காலிகளும் நம் கம்யூனிட்டி ஹாலும்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்று விழாவுக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன்.

போன மார்கழியில் ஒரு சபாவில் பகல் இரண்டு மணிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். அனுமதி இலவசம். இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் கல்யாணி பாடினாள். அருமையான குரல். வங்கியில் எண்ணி எண்ணிப் பழகிய கை, இங்கேயும் எண்ணினேன். பதினாலு பேர். அதில் நாலு பேர் கலைஞர்களின் வீட்டார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஐந்து பேர் எழுந்து போனார்கள். நானும் பல வருடம் அப்படி எழுந்து போனவன்தான். அன்று முடியவில்லை. நான் எழுந்தால் அந்த மிருதங்கப் பையனுக்குத் தெரிந்துவிடும். வெளியே வந்தால், கேன்டீனில் உட்கார இடம் இல்லை!

பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு இன்றும் கூட்டம் இருக்கிறது. ஆனால் நாளைய பெரிய வித்வான், இன்று மதியம் பதினாலு பேருக்குப் பாடுகிறவர்தானே? அவர் மனம் சோர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டால் இழப்பு நமக்குத்தான்.

கவுண்டரில் கூட்டம் குறைந்தால் வாடிக்கையாளரைத் திட்டிப் பயனில்லை என்பது நான் வேலையில் கற்ற பாடம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை இல்லை" என்று சொல்வதும் அதே மாதிரிதான். நம் குடியிருப்பில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. "எனக்கு ராகம், தாளம் எல்லாம் தெரியாதே" என்றுதான் சொன்னார்கள். அது கூச்சம், வெறுப்பு இல்லை.

'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டைக் கேட்டு மயங்காதவர் உண்டா? அது ஆபேரி ராகம். பெயர் தெரியாமலே அறுபது வருடமாக ரசித்துக்கொண்டிருக்கிறோம். ஆக, காது தயாராகத்தான் இருக்கிறது.

மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்று சிலர் பயப்படலாம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், நடுவில் ஒன்றை விரிவாகப் பாடி, துக்கடாவில் முடிக்கும் இன்றைய கச்சேரி முறையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன நூற்றாண்டில் வகுத்துப் பரப்பியதுதான். தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று கேட்டு எழுந்த இயக்கத்தால்தான் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கடற்கரை ஓரத்திலேயே மேடை போட்டுக் கச்சேரி நடத்தினார்கள். ஒவ்வொரு காலத்திலும் யாராவது ஒரு கதவைத் திறந்திருக்கிறார்கள். நம் முறைக்கு நாமும் ஒன்றைத் திறக்கலாம்.

என் யோசனை இதுதான். மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நம் கம்யூனிட்டி ஹாலில் ஒன்றே கால் மணி நேரக் கச்சேரி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ராகம் என்ன, பொருள் என்ன என்று பாடுபவரே இரண்டு வரி சொல்ல வேண்டும். முத்துத் தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் பாடல்கள் பாதியாவது இருக்கட்டும். தனி ஆவர்த்தனம் ஐந்து நிமிடம். அதற்கு முன் மிருதங்கக்காரர் தாளம் போடச் சொல்லித் தரட்டும். குழந்தைகள் ஓடினால் ஓடட்டும். முடிந்ததும் சுண்டலும் காபியும் உண்டு. கேன்டீன் கூட்டத்தையும் விடக் கூடாது பாருங்கள்!

கணக்கும் போட்டுவிட்டேன். நாற்பது வீடுகள் மாதம் 150 ரூபாய் தந்தால் 6,000 ரூபாய். அதில் 5,400 ரூபாயைப் பாட்டு, வயலின், மிருதங்கம் மூவருக்கும் சமமாகப் பிரித்துத் தருவோம். மீதி சுண்டலுக்கு. வளரும் கலைஞர்களை "வாய்ப்புத் தருகிறோம்" என்று சொல்லி இலவசமாகப் பாட வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இதுவரை இருபத்திரண்டு வீடுகள் சம்மதித்திருக்கின்றன. இன்னும் பதினெட்டு வேண்டும். சங்க அலுவலகத்தில் நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு எண்ணை எழுதுங்கள். முதல் கச்சேரிக்கு, அன்று கல்யாணி பாடிய அந்தப் பெண்ணையே அழைக்கலாம் என்று ஆசை. இந்த முறை அவள் எதிரே காலி நாற்காலிகள் இருக்கக் கூடாது.