எம்டன் என்றொரு சொல்



பாண்டிருப்பில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஏதாவது குழப்படி செய்துவிட்டு ஒன்றும் அறியாதவன் போல வந்து நின்றால் அம்மம்மா சொல்லுவார், "இவன் பெரிய எம்டன்." ஏசுகிறாரா மெச்சுகிறாரா என்று எனக்கு விளங்கியதேயில்லை.

எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். அதிலிருந்தவை 10.5 சென்றிமீற்றர் வாயுடைய பத்துப் பீரங்கிகள். பெரிய பீரங்கிகளல்ல. அவற்றின் வலிமை வேகத்தில் இருந்தது. குண்டும் மருந்தும் ஒரே தோட்டாவாகச் சேர்ந்திருக்கும். உள்ளே தள்ளிப் பின்கதவை மூடினால் போதும். சுட்டதும் குழல் மட்டும் பின்வாங்கித் தன்னிடத்துக்குத் திரும்பிவிடும். நிமிடத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை ஒரு பீரங்கியே அனுப்பவல்லது.

1914 செப்ரெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னை அதைக் கண்டது. துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் பற்றி எரிந்தன. சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரங்கூட ஆகவில்லை. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

அங்கிருந்து எம்டன் இலங்கைப் பக்கம் திரும்பியது. 25ஆந் திகதி தென்கரைக்கு அப்பால் 'கிங் லட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கரையில் ஒருவரும் விளக்கேற்றவில்லை என்றும், தான் மட்டும் அதன் வெளிச்சத்தைக் கண்டதாகவும் சொல்லுவார். எனக்கு நம்பிக்கையில்லை. வேட்டைக்கு வந்த கப்பல் விளக்கேற்றிக்கொண்டா போகும்? மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, எதிரிக் கப்பல் போல வேடமிட்டதல்லவா அது! அம்மம்மாவின் சொல்லில் இருந்த கள்ளத்தனம் அந்த நான்காவது புகைபோக்கியிலிருந்துதான் வந்ததென்று நினைக்கிறேன்.

காணாத கப்பலைக் கண்டதாகச் சொல்வதில் அம்மம்மாவுக்கு நட்டமில்லை. யால சரணாலயத்தின் முதற் காவலர் ஏங்கல்பிரெக்டுக்கு அப்படியல்ல. போயர் யுத்தக் கைதியாக இங்கு கொண்டுவரப்பட்டவர். பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாது போனவர். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று யாரோ கதை கட்ட, அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கதை பொய். 1922இல் இந்த மண்ணிலேயே இறந்தார்.

1914 நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனைப் பிடித்தது. சிட்னியிடம் ஆறு அங்குலப் பீரங்கிகள். பாரமான குண்டின் முன்னே விரைவு செல்லவில்லை. எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டனர். காயப்பட்ட கைதிகளோடு சிட்னி கொழும்புக்கு வந்தபோது, ஆரவாரம் செய்ய வேண்டாமென்று அதன் கப்டன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். துறைமுகம் அமைதியாக நின்றது. இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் போர்க்காலத்தில் ஷெல் சத்தம் கேட்டால், அது போகிறதா வருகிறதா என்று பிள்ளைகளுக்கே தெரியும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையிலுள்ள நேரத்தை எண்ணுவோம். அந்த இடைவெளிக்குள்தான் அடுப்பை அணைத்து, கிழவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். விரைவுப் பீரங்கி என்று படிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இடைவெளிதான்.

எம்டனின் பீரங்கியொன்று 1917 முதல் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. அம்மம்மா இருந்த கரையோர வீட்டை 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது. போன கிழமை என் பேத்தி, கைத்தொலைபேசியை ஒளித்து வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தேடினாள். என் வாயில் தானாக வந்தது, "நீ பெரிய எம்டன்தான்!"

"அப்பிடியெண்டா என்ன, அப்பப்பா?" என்றாள்.