மூர்க்க நாயனாரும் சூதும்

கார்த்திகை மூலம் மூர்க்க நாயனார் குருபூசை நாள். திருவேற்காட்டு வேளாளராகிய அவர், அடியார்க்கு அமுதளித்துப் பொருளெல்லாம் தீர்ந்தபின் சூதாடிப் பொருளீட்டினார் என்கிறது பெரிய புராணம். "நாயனாரே ஆடினார், நாம் ஆடினால் என்ன?" என்று அன்பர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு.

வரலாற்றை முழுதும் நோக்குவோம். உள்ளூரில் அவரோடு பொருத ஆளில்லாமற் போகவே குடந்தைக்குச் சென்றார். அங்கே தோற்று மறுத்தோரைச் சுரிகையால் குத்தினார். மூர்க்கர் என்னும் பெயர் அதனால் வந்தது. சேக்கிழார் பெருமான் இதனை மறைத்தாரில்லை. சூதுக்களம் தொண்டர் கையிலும் சுரிகையைத் தந்துவிடுகிறது! ஆயினும் வென்ற பொருளை அவர் தமக்கெனக் கொள்ளவில்லை, அமுதாக்குவோரே எடுத்துக்கொண்டனர். அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் தாம் உண்டார்.

நம் வீடுகளிலோ? பரிசுச்சீட்டு 2003-இல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டது. பின்னர்ச் சூது கைப்பேசிக்குள் புகுந்தது. பணம் கட்டியாடும் அவ்விணைய ஆட்டங்களைத் தடுக்க 2025-இல் நடுவணரசு சட்டமியற்றிற்று. அதற்குள் எத்தனை தாலிக்கொடிகள் அடகுக்கடைக்குப் போயின! கடன்காரர் வாயிலில் வந்து நின்ற பிறகே மனைவிக்குச் செய்தி தெரிந்தது. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர்.

நாயனாரைத் துணைக்கழைக்கும் அன்பரை நாம் ஒன்றே கேட்கிறோம்: வென்ற பணம் எந்தப் பந்திக்குப் போயிற்று, ஐயா?