கட்டவிழாத வழக்குக் கட்டுகளும் நமது நிதியும்
(கருத்தரங்கத் தலைமை உரை)



நீதிமன்றப் பதிவறைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் பலர் எதிரே அமர்ந்திருக்க, அவர்கள் முன் நின்று பேசுவது எனக்குப் பெருமையாக இருக்கும் அளவுக்கு அச்சமாகவும் இருக்கிறது.

நாம் குடியேறி வாழும் இந்த அமெரிக்க நாட்டில், குடும்ப வரலாறு தேடுவோருக்காகப் பழைய கவுன்டி நீதிமன்ற ஆவணங்களை டிஜிட்டல் வடிவில் பாதுகாக்க நிதி திரட்டுவதே இன்றைய விஷயம். கவுன்டி நீதிமன்றத்தின் முக்கியத்துவத்தை இந்தச் சபைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1890-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கேடுகள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் மூண்ட தீயில் சேதமுற்று, பின்னர் சிறு துணுக்குகள் தவிர மற்றவையும் அரசாங்க அனுமதியுடனேயே அழிக்கப்பட்டுவிட்டமையால், 1880-க்கும் 1900-க்கும் இடையில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது, யார் யார் இறந்தார்கள், நிலம் யார் கைக்குப் போயிற்று என்பதைப் பெரும்பாலும் நீதிமன்றக் காகிதங்களே சொல்லவேண்டியிருக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே.

நிதி திரட்ட முடியுமா என்ற சந்தேகத்துக்கும் இப்போது இடமில்லை. 1812-ஆம் ஆண்டுப் போர்வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளுக்காக இந்நாட்டு வம்சாவளிச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு பக்கத்துக்கு 45 சென்ட் என்று கணக்குச் சொல்லி மக்களிடம் கையேந்தியது; வம்சாவளி ஆவணங்களை இணையத்தில் தரும் ஆன்செஸ்ட்ரி கம்பெனி டாலருக்கு டாலர் ஈடு கொடுத்தது; முப்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் நிலப்பத்திரப் பதிவுக் கட்டணத்தின் ஒரு சிறு பகுதி நீதிமன்ற ஆவணப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நிலக்கிரயம் மந்தமானால் அந்த வருமானமும் குன்றும். இவற்றைப் பற்றிய கட்டுரைகள் பிற்பகல் அமர்வில் வர இருக்கின்றன. என் கவலை வேறு: சேரும் பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது?

கட்டடம் செய்த பேரேடுகளையே முதலில் படமெடுக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய அபிப்பிராயம். நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர், வழக்குக் கட்டுகளிலுள்ள உதிரிக் காகிதங்களின் சாரமெல்லாம் பேரேட்டில் நகலாகிவிட்டபடியால் அவை இரண்டாந்தரமானவை என்று முன்பொரு கூட்டத்தில் வாதித்தார். அவருடைய உழைப்புக்குத் தலைவணங்கிக்கொண்டே அந்த வாதத்தை நான் மறுக்கிறேன். பேரேடுகளில் மிகப் பலவற்றை யூட்டா வம்சாவளிச் சங்கத்தார் 1938 முதல் மைக்ரோபிலிமில் எடுத்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் சேர்ந்த இருபத்துநான்கு லட்சம் சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலையும் 2021-இல் முடிந்துவிட்டது. ஒருமுறை காப்பாற்றப்பட்டதை மறுமுறை காப்பாற்ற நம் சொற்ப நிதியை இறைப்பது எவ்விதத்தில் நியாயம்?

பேரேட்டில் ஏறியது பெரும்பாலும் உயில், தீர்ப்பு, கட்டளை போன்றவைதான். அதுவும் குமாஸ்தாவின் கையெழுத்தில். இறந்தவர் நடுங்கும் விரலால் இட்ட குறி அசல் உயிலில் இருக்கிறது. சாட்சி கூறியவர் தம் வயதையும் பிறந்த ஊரையும், இறந்தவரை எத்தனை வருஷமாகத் தெரியும் என்பதையும், அவருடைய மகள் யாரை மணந்து எந்த மாநிலத்துக்குப் போனாள் என்பதையும் சொல்லிய வாக்குமூலம் வழக்குக் கட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீள வாக்கில் மூன்றாக மடித்து, வெளிப்புறத்தில் வாதி பிரதிவாதி பெயரெழுதி, நாடாவால் இறுகக் கட்டி, இரும்புப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கப்பட்ட காகிதம், நூற்றைம்பது வருஷத்துக்குப்பின் அவசரமாகப் பிரித்தால் மடிப்புத் தோறும் அப்பளம்போல் நொறுங்கும். தூசு துடைத்து, ஈரப்பதம் ஊட்டி, மெல்லப் பிரித்து, சமன்செய்து, உறையிலிட்ட பிறகே காமிராவின் முன் வைக்கலாம். நன்கொடையாளர் கண்ணில் படுவது படந்தான். பணம் கரைவது இந்தக் கைவேலையில்.

கட்டுகளுக்கு முதலிடம் தர இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கேடுகளில் உடைமையாளர் பெயர் இருக்கிறது. அடிமைப்பட்டவர்களுக்கு வயதும் பாலும் நிறமுமே உண்டு, பெயர் கிடையாது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரோடு கணக்கேட்டில் ஏறியது 1870-இல்தான். அதற்கு முற்பட்ட பெயர் வேண்டுமானால், எஜமானன் இறந்தபின் எடுத்த சொத்து ஜாபிதாவையும் பாகப்பிரிவினை வழக்கையும் நாடவேண்டும். கட்டில், கலப்பை, கறவைப் பசு என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலின் நடுவே ஒரு தாயின் பெயர், அவள் கைக்குழந்தையின் பெயர், இருவருக்கும் சேர்த்து மதிப்பிட்ட விலை! படிக்கக் கூசும் வரி அது. ஆயினும் அந்தத் தாயின் சந்ததியாருக்கு அவள் பெயரைத் திருப்பித் தர வேறு ஆதாரம் கிடைப்பது அரிது. செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் கரிப்புகை படிந்து கிடந்த கட்டுகளை மிசௌரி மாநில ஆவணக்காப்பகத்தார் பொறுமையாகத் துடைத்துப் பிரித்தபோது, 1814 முதல் 1860 வரை அடிமைகள் விடுதலை கோரித் தொடுத்த ஏறத்தாழ முந்நூறு வழக்குகள் வெளிப்பட்டன. ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் தங்கள் விடுதலைக்காக 1846-இல் வழக்குத் தொடுத்தது அந்த நீதிமன்றத்திலேதான்.

இன்னொரு நண்பர், பெயர் அட்டவணை ஒன்றை மட்டும் விரைவில் வெளியிட்டால் நன்கொடை தானாகப் பெருகும் என்கிறார். அட்டவணை வேண்டும், ஆனால் வாதி பிரதிவாதி பெயர்களோடு நின்றுவிடும் அட்டவணையால் பிரயோஜனம் சிறிது. நாம் தேடுபவர் அநேகமாகச் சாட்சியாகவோ வாரிசாகவோ விலைமதிப்பிடப்பட்ட மனிதராகவோ கட்டின் உள்ளே இருக்கிறார். லிங்கனின் வழக்கறிஞர் வாழ்க்கையைத் தொகுத்த இல்லினாய்ஸ் அறிஞர்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளைத் திரட்டியதும் அட்டவணைகளை நம்பியல்ல. கவுன்டி கவுன்டியாகச் சென்று கட்டுகளைப் பிரித்துத்தான். அவர்களுக்கு முன்னரே வந்துபோன ஞாபகப்பொருள் வேட்டையாளர்கள் சில காகிதங்களில் லிங்கனின் கையெழுத்தை மட்டும் கத்தரித்துச் சென்றிருந்தார்கள்.

நகலெடுப்பதில் காலதாமதம் செய்தால் விளைவு என்னவென்று வர்ஜீனியாவைக் கேட்கலாம். உள்நாட்டுப் போரின்போது பத்திரமாயிருக்கட்டும் என்று கடற்கரைப் பக்கத்துக் கவுன்டிகள் சில தங்கள் ஆவணங்களை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்நகரை எரித்த தீயில் அவை சாம்பலாயின. அக்கவுன்டிகளின் சந்ததியார் இன்றும் அண்டைக் கவுன்டி வழக்குகளில் தங்கள் முன்னோரின் தடயத்தைத் தேடித் திரிகிறார்கள்.

ஆகவே, இந்தக் கருத்தரங்கு கலையுமுன், திரளும் நிதியின் முதற் பகுதியை உதிரிக் காகிதங்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பணியாளர்களின் சம்பளத்துக்கு ஒதுக்குவது என்றும், எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தாலும் படங்கள் கட்டணமின்றி எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்ற ஷரத்தை விடாமல் எழுதுவது என்றும் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் தாராளமாக வாதிக்கட்டும். மற்றவர்கள் இதை ஆதரித்து, பிற்பகல் வாக்கெடுப்பில் நிறைவேற்றித் தரும்படி வணக்கத்துடன் வேண்டுகிறேன்.