படிப்பு வராத பிள்ளை உண்டா?

(காட்டுப்பள்ளியில், ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போகவிருக்கும் வாலிபர்களும் ஊராரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



உபாத்தியாயர்களுக்குப் புத்தி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு எனக்குள்ள யோக்கியதை என்னவென்றால், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதுதான். நின்றேன் என்பதுகூடத் தப்பு, நிறுத்தப்பட்டேன். என் வாத்தியார், "உனக்குப் படிப்பு தலையில் எழுதவில்லையடா, மூட்டை தூக்கப் போ" என்றார். என் தகப்பனாரும் அதை நம்பினார், நானும் நம்பினேன். பிறகு மூட்டை தூக்கிக்கொண்டே, இராயபுரத்து டீக்கடைப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான், என் தலையில் எழுத்துமில்லை, எழுதினவனுமில்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த வாத்தியார் கெட்டவரல்ல; பயிற்சி பெற்றவர்தான். ஆனால் அந்த ஒரு மூடநம்பிக்கையை மட்டும் அவர் பெற்ற பயிற்சி தொடவேயில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒரே சங்கதிதான். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்குப் போகும் உபாத்தியாயருக்கு முதலாவது வேண்டிய பயிற்சி, "இதுகளுக்குப் படிப்பு வராது" என்ற எண்ணம் ஒழிவதாகும். அது உபந்நியாசத்தால் ஒழியாது. வரும் என்பதைக் கண்ணால் காண வேண்டும்.

இதற்கு நம் சென்னையிலேயே நடந்த சாட்சி இருக்கிறது. 1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வையாளரானார். பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் இழிவாக நினைத்த பிள்ளைகள். பிறவியிலேயே மந்தம், பிறவியிலேயே பொய்யர் என்பது அவர்களைப் பற்றிய அபிப்பிராயம். பெல் ஒருநாள் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். உடனே தம் பள்ளிக்கூடத்தில் எழுத்து வகுப்பு உபாத்தியாயரை அப்படியே செய்யச் சொன்னார். அவரோ, அது நடக்கிற காரியமில்லை என்றார். பெல் அந்த வேலையை ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். பையன் செய்துகாட்டிவிட்டான்!

தோழர்களே! அதே மணல், அதே எழுத்து, அதே பிள்ளைகள். பெரியவரால் முடியாதது சிறுவனால் எப்படி முடிந்தது? "இதுகளுக்கு வராது" என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவ்வளவுதான் இரகசியம். 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட, சீமையில் அது "மதராஸ் முறை" என்று பரவிற்று.

அதற்காகப் பெல்லை மாலை போட்டுக் கும்பிட வேண்டாம். ஏழைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிப்பது வேண்டாத காரியம் என்று அவரே பிறகு எழுதினார். அந்த முறையும், சம்பள உபாத்தியாயர்களைக் குறைத்து ஏழைக்கு மலிவுப் படிப்பு கொடுக்கும் தந்திரமாயிற்று. பழைய திண்ணையையும் புகழ வேண்டாம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைக்கு அதில் பெரும்பாலும் இடமே கிடையாது. நமக்கு வேண்டியது அந்த மணலில் ருசுவான உண்மை ஒன்றுதான்.

இனி இன்றைய நிலையைப் பாருங்கள். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்கள். வகுப்புகளோ ஐந்து. அப்படியானால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். இதை எங்கே கற்றீர்கள்? 150 மதிப்பெண் தகுதித் தேர்விலா? அதில் தேறுவது நல்லதுதான். ஆனால் நீச்சலைப் பற்றிய பரீட்சையில் தேறினவனை நம் ஊரார் கடலில் தள்ளுவார்களா?

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, உபாத்தியாயர்களை ஆந்திர நாட்டு ரிஷி வேலிக்கு அனுப்பி, கிராமத்துப் பிள்ளைகள் அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பதைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தவர்கள் வந்து செய்தார்கள். 2022-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அரும்பு என்பது இன்றைக்கு அவன் நிற்கும் படி; அவன் ஜாதியல்ல. வருடக் கடைசியிலும் அவன் அரும்பாகவே இருந்தால், பரீட்சையில் தோற்றது உபாத்தியாயர்தான்.

2014-ஆம் வருட விதிப்படி பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பழக வேண்டும். அந்த 20 வாரத்தை பஸ் வசதியுள்ள டவுன் பள்ளியில் கழித்துவிட்டு, கழிமுகத்துக் குப்பத்துக்கு வந்து திகைத்தால் யார் பிழை? பழகுவதும் இப்படிப்பட்ட ஊரிலேயே, கை தேர்ந்த ஓர் உபாத்தியாயரின் பக்கத்திலேயே நடக்கட்டும் என்கிறேன்.

பழகினால் என்ன தெரியும்? 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும், இந்தக் கரையில் எண்ணெய் படிந்தது. வலையும் படகும் பாழானால் வீட்டில் உலை ஏறாது. ரிஜிஸ்தரில் "வரவில்லை" என்று எழுதுவது சுலபம். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்பது உபாத்தியாயர் வேலையில் பாதி.

இன்னொன்றும் தெரியும். கணக்கு வராது என்று நீங்கள் நினைக்கும் பையன், பிடித்த மீனில் படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று வாயிலேயே சொல்வான். அதுதானே பின்னம்! அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். 1953-ல், பிள்ளைகள் அரைநாள் படித்து அரைநாள் தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்து 1954-ல் அதை ஒழித்தது. வலையிலிருந்து கணக்குக்குப் போவது கல்வி. கணக்கென்று சொல்லி வலையிலேயே கட்டிப்போடுவது குலக்கல்வி. இந்த வித்தியாசம் தெரியாதவர் இந்த ஊர்ப் பக்கம் வர வேண்டாம்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. வாத்தியாரம்மா வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்கள் என்ன ஆளு?" என்று கேட்கிறீர்களே, பிறகு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனால் அழுவானேன்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். இது சட்டம். தாய்மார்களே, கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். "என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான்? அடுத்த படிக்கு எப்போது போவான்?" என்று கேளுங்கள்.

வாலிபர்களே! நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். நாளைக்கு வகுப்பில், படிப்பே வராது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. எழுதிக் காட்டுங்கள். ஒரு மாதம் கழித்து, யாருக்குப் படிப்பு வரவில்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.